இடையன்குடி கோயிலைக் கட்டியது இலக்கணக்காரர் கால்டுவெல்லா? கூடவே ஒரு சுண்ணாம்புச் சந்தேகம்

தேரிமணல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். கோயம்புத்தூரில் அபார்ட்மெண்ட் கட்டும் கம்பெனி ஒன்றில் சைட் இன்ஜினியர். ஊரில் எங்கள் கோயில் (கிறிஸ்தவ தேவாலயம், எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம்) சின்னதுதான், பழைய சுண்ணாம்புக் கட்டடம், சுவர் இரண்டரை அடி கனம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் பூச்சைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்க வேண்டும், நீ இன்ஜினியர்தானே ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடு என்று சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) கேட்டார்கள். வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூச்சு, தரைக்கு டைல்ஸ், உள்ளே பால்ஸ் சீலிங் என்று இரண்டு பக்கம் எழுதியும் முடித்துவிட்டேன்.

கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் இடையன்குடியில் இறங்கினேன். சிறுவனாக இருந்தபோது அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) போயிருக்கிறேன், ஆனால் கட்டடத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை, சாப்பாடு மட்டும்தான் ஞாபகம். இந்தத் தடவை உள்ளே அரை மணி நேரம் நின்றேன். வெளியே சித்திரை வெயில், உள்ளே ஃபேன் போடாமலே குளுகுளு என்று இருந்தது. அந்தக் கூர் ஆர்ச்சுகளைப் பார்த்தபோது, நாலு வருடம் படித்துவிட்டு நான் செய்வதெல்லாம் சதுரப் பெட்டி அடுக்கும் வேலைதான் என்று தோன்றியது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் யார் கட்டினது என்று கேட்டால் கால்டுவெல் ஐயர் என்கிறார் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்). பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அந்த ஒப்பிலக்கணக் கால்டுவெல்லா? இலக்கணம் எழுதுகிறவருக்கு ஆர்ச் கட்ட எங்கிருந்து தெரிந்தது? கட்டட வேலை பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எஸ்டிமேட் இன்னும் பையிலேயே இருக்கிறது, கொடுக்க மனம் வரவில்லை.

கருக்குமட்டை

தம்பி, அவரேதான். சென்னைக் கடற்கரையில் 1968-ல் சிலை வைத்தார்களே அதே கால்டுவெல். சிலையைப் பார்க்கிறவர்களுக்கு அவர் புத்தகக்காரர், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அவர் முதலில் கிணறு வெட்டினவர், தெருப் போட்டவர், கோயில் கட்டினவர், அதற்கு அப்புறம்தான் மற்றது.

எங்கிருந்து தெரிந்தது என்று கேட்டீர்கள். அவர் 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர், தாய் தகப்பன் ஸ்காட்லாந்துக்காரர்கள். பையனாக இருந்தபோது அவரை டப்ளினுக்கு அனுப்பினது ஓவியம் படிக்க! நாலு வருடம் போல அங்கே படம் வரையத்தான் படித்தார். அப்புறம் மனம் ஊழியத்தின் பக்கம் திரும்பி, 1833-ல் கிளாஸ்கோ வந்து, அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கிரேக்கம் மொழியியல் என்று வேறு பாதையில் போய்விட்டார். 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார், 1841 கடைசியில் இடையன்குடி. சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றி நடந்தே வந்தவர். அந்த நடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஓவியம் படித்ததைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இடையன்குடியில் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதைக் கவனித்தீர்களா? நம் பக்கத்து ஊர்களில் அப்படி இருக்காது, வீடு எங்கே விழுந்ததோ அங்கேதான் தெரு. அவர் வந்த பிறகு தெருவை நேராக்கி, மரம் நட்டு, கிணறு தோண்டி, தேரிக் காட்டில், அதாவது செம்மணல் காட்டில், ஒரு ஊரையே வரைந்து வைத்தார். கோயில் அந்த வரைபடத்தில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று. கோயில் வேலை 1847 வாக்கில் தொடங்கி, 1880 ஜூலை 6-ம் தேதிதான் பிரதிஷ்டை நடந்தது. 33 வருடம். ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு 1856, திருத்திய இரண்டாம் பதிப்பு 1875, நடுவில் 19 வருடம். அப்படியென்றால் அவருக்கு எது அதிக வேலை வாங்கியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு

33 வருஷமா? எங்க ஊர் கோயில் காம்பவுண்டுச் சுவரே 12 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, இப்போ மனசுக்கு ஆறுதலா இருக்கு.

தேரிமணல்

@கருக்குமட்டை அண்ணாச்சி, ஓவியம் படித்தவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் 33 வருடம் ஏன்? பணம் இல்லாமலா, ஆள் இல்லாமலா? எங்கள் கம்பெனியில் 14 மாடி 30 மாதத்தில் முடிக்கிறோம் (முடித்த மறுவருடமே ஒழுகும், அது வேறு கதை).

பாளை மேட்டுத்தெரு

நான் கட்டடக்கலை ஆள் இல்லை, ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. ஏன் என்பதற்கு என் அளவில் சொல்கிறேன்.

முதலில் ஆளே ஊரில் இல்லை. 1854-ல் விடுப்பில் சீமைக்குப் போனவர் திரும்ப மூன்று வருடம் ஆயிற்று, அந்த விடுப்பில்தான் இலக்கணம் அச்சேறியது. மறுபடியும் 1873-லிருந்து 75 வரை அங்கேதான். நடுவில் வேதாகம மொழிபெயர்ப்புத் திருத்தக் குழு வேலை. 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம், அப்போது கல்லையும் சுண்ணாம்பையும் யார் நினைப்பார்கள், கஞ்சித் தொட்டிதான் முக்கியம். அதற்கு நடுவில் 1877-ல் அவரும் இன்னொரு மிஷனரியான சார்ஜெண்டும் ஒரே நாளில் கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார்கள். இத்தனைக்கும் இடையில் ஒரு கோயில் மெதுவாக வளர்ந்தது என்றால் அதிசயம் இல்லை, நின்றுபோகாமல் இருந்ததுதான் அதிசயம்.

ஆனால் ஏன் அப்படிப்பட்ட கோயில் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பாளையங்கோட்டையில் 1785-ல் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலைப் போய்ப் பாருங்கள், பாப்பாத்தியம்மாள் கோயில் என்போம், எளிமையான கட்டடம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, கையில் இருந்த பணத்தைப் போட்டுக் கட்டினது. முருகன்குறிச்சியில் ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய திரித்துவக் கோயிலும் முதலில் பிரசங்கம் கேட்க இடம் வேண்டும் என்று எழுந்ததுதான். அதற்குப் பிறகு காற்று மாறியது. 1839-ல் கேம்பிரிட்ஜில் மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், கோயில் என்றால் இடைக்காலத்துக் காதிக் பாணியில்தான் இருக்க வேண்டும், பீடம் இருக்கிற பகுதி ஆழமாகத் தனியாகத் தெரிய வேண்டும் என்று பிடிவாதம். அந்தப் பிடிவாதம் கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போயிற்று. 1840-களில் நம் தேரிக்காட்டில் கூர் ஆர்ச் முளைத்ததற்கு அதுதான் பின்னணி. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பின பரிசுத்த பவுல் கோயிலும் அதே காலம்தான், 1847-ல் திறந்தார்கள், கோபுரம் 192 அடி. அவர் வேல்ஸ் நாட்டுக்காரர், மெஞ்ஞானபுரத்திலேயே இருந்து 1870-ல் இறந்தார். கால்டுவெல்லையாவது புத்தகத்துக்காக நினைக்கிறார்கள், தாமஸ் ஐயரை மெஞ்ஞானபுரத்தைத் தாண்டினால் யாருக்குத் தெரியும்?

ஒரு விஷயம் மட்டும். கால்டுவெல்லைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். 1849-ல் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் நம் ஆட்களைப் புண்படுத்தியது, பின்னாளில் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. கோயிலை ரசிக்கும்போது அதையும் மறக்க வேண்டாம்.

வடக்கன்குளத்தான்

நான் ரோமன் கத்தோலிக்கன், உங்கள் திரியில் நுழைகிறேன், மன்னிக்கவும். பிளான் போட்டது யார் என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊர் வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலைப் பாருங்கள், அதற்குப் பிளான் போட்டது சாதி.

1872-ல் கட்டியது. ஒரே பீடம், ஆனால் மக்கள் இருக்கும் பகுதி இரண்டாகப் பிரிந்து, ஆங்கில வி எழுத்து மாதிரி இரண்டு கால். ஒரு காலில் பிள்ளைமார், இன்னொரு காலில் நாடார். பூசை ஒன்றுதான், எல்லோருக்கும் பீடம் தெரியும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் டவுசர் கோயில் என்று கேலி செய்வார்கள். கட்டடக்கலையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான், இரண்டு கூட்டத்துக்கும் பீடம் சம தூரத்தில் விழ வேண்டும், கூரை இரண்டு பக்கமும் வந்து ஒரு இடத்தில் சேர வேண்டும், அதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1910-ல் கௌசானல் சாமியார் பிரித்து வைத்திருந்த தடுப்பை இடித்தார். உடனே வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தள்ளுபடி ஆயிற்று. தடுப்புப் போனாலும் கட்டடம் அந்த வடிவத்தில்தான் நின்றது. 1745-ல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கின ஊர் இது, 2022-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது ஊரே வெடி போட்டது. அதே ஊரில்தான் இந்தக் கதையும்.

அதனால் தம்பி, காகிதத்தில் கோடு இழுத்தவர் பெயரைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள், அந்தக் கோட்டை அங்கே இழுக்கச் சொன்னது யார் என்றும் கேளுங்கள்.

கருக்குமட்டை

வடக்கன்குளத்தாரே, சரியான அடி. இடையன்குடியில் அந்த மாதிரி இரண்டு கால் இல்லை, அது வரைக்கும் நிம்மதி.

தம்பி கேட்ட ஆர்ச் விஷயத்துக்கு வருகிறேன், என் அப்பா மேஸ்திரி, நானும் பத்து வருடம் கரண்டி பிடித்தவன். அரை வட்ட ஆர்ச் பாரத்தைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளும், சுவர் அதைத் தாங்க வேண்டும். கூர் ஆர்ச் தள்ளுவது குறைவு, பாரம் அதிகமாகக் கீழே இறங்கும். அதனால் ஜன்னலை உயரமாகத் திறக்கலாம், மீதித் தள்ளலுக்கு வெளியே உதைசுவர் கொடுத்தால் போதும். சீமையில் வெளிச்சம் குறைவு என்பதற்காக அப்படி உயரமாகத் திறந்தார்கள், நம் ஊரில் அதே உயரம் சூடான காற்று மேலே போக உதவுகிறது. நீங்கள் குளுகுளு என்று உணர்ந்தது அதனாலும், சுவர்க் கனத்தாலும்.

சரி, இதை நம் கொத்தனார்களுக்கு எப்படிப் புரிய வைத்தார்கள்? அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு காதிக் ஜன்னலையும் பார்த்தவர்கள் இல்லை. ஐயர் களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டி, அதைப் பார்த்துத்தான் கொத்தனார்கள் செய்தார்கள் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். கேள்விதான், ஆனால் வேலை தெரிந்த எனக்கு அது நம்புகிற மாதிரி இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற கோட்டைவிட கையில் இருக்கிற களிமண் மேஸ்திரிக்குச் சீக்கிரம் புரியும். என் அப்பாவுக்கு பிளான் வாசிக்கத் தெரியாது, மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினால் அங்குலம் பிசகாமல் கட்டிவிடுவார்.

இப்போது உங்கள் எஸ்டிமேட். தயவுசெய்து அந்தச் சிமெண்ட் பூச்சை அடித்துவிடுங்கள், காகிதத்தில்தான், பேனாவால். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, பூச்சு வழியாக வெளியே விடும், அது மூச்சு விடுகிற மாதிரி. மேலே சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் உள்ளே நிற்கும், கடல் பக்கம் வேறு, உப்பு சேர்ந்து பூக்கும், ஐந்தாறு வருடத்தில் பூச்சு பலகை பலகையாக வரும், வரும்போது பழைய செங்கலின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். தரையில் டைல்ஸ் போட்டால் இன்னும் மோசம், தரை வழியாகப் போகிற ஈரமும் சுவருக்குத்தான் ஏறும்.

தேரிமணல்

அண்ணாச்சி, சுண்ணாம்புப் பூச்சுக்கு இப்போது ஆள் எங்கே? கலவைக் கணக்கு எப்படி? எங்கள் சிலபஸில் சுண்ணாம்பு ஒரே ஒரு பாரா, அதையும் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டோம்.

கருக்குமட்டை

ஆள் இருக்கிறார்கள், 70 வயதுக்கு மேலே. தேடினால் கிடைப்பார்கள், கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள், சாரத்தில் மட்டும் ஏற்றாதீர்கள்.

நீற்றாத சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீரில் போடுங்கள், புஸ்ஸென்று கொதிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வடிகட்டி மூன்று வாரமாவது ஊற வேண்டும், அதிகமானால் நல்லது, நாளாக ஆக வெண்ணெய் மாதிரி வரும். தனியாக ஒரு பானையில் கடுக்காயைத் தட்டிப் போட்டு, கருப்பட்டியும் சேர்த்து, பத்துப் பதினைந்து நாள் புளிக்க விட்டு அந்தத் தண்ணீரை வடித்து வைத்துக்கொள்ளுங்கள். கலவை பிசைய அந்தத் தண்ணீர்தான். இனிப்பு சேர்ந்தால் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், பிடிப்பு நன்றாக வரும். தேரி மணல் வேண்டாம், பொடியாக இருக்கும். கடல் மணல் கூடவே கூடாது. ஆற்று மணல் ஒன்றுக்கு இரண்டு. முன்பெல்லாம் செக்கில் மாடு பூட்டி அரைப்பார்கள், இப்போது சின்ன கிரைண்டர் மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. கடைசி மேல் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தால் முகம் தெரியும். உங்கள் கோயிலுக்கு அவ்வளவு வேண்டாம்.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். கொடகொட என்று சத்தம் வருகிற இடத்தை மட்டும் கொத்துங்கள், கெட்டியாக இருப்பதைத் தொடாதீர்கள். மேலே மட்டப்பாவில் (தட்டையான கூரையில்) பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், போட்டிருந்தால் அதையும் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும், சுவருக்குள் புகுந்திருக்கிற நுனி மட்டும்தான் ஈரத்தில் இற்றுப்போகும். பால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டால் அந்த நுனி இற்றுப்போவது உங்களுக்குத் தலையில் விழுந்த பிறகுதான் தெரியும்.

பாளை மேட்டுத்தெரு

கருக்குமட்டை தம்பி இவ்வளவு நாளாக எங்கே ஒளிந்திருந்தீர்கள்? ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. இடையன்குடியில் அவர் மட்டும் இல்லை, எலைசா அம்மாளும் இருந்தார். நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள், 1844-ல் கல்யாணம். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லேஸ் பின்னல் எல்லாம் அந்த அம்மாள் கொண்டுவந்தது. ஐயர் சீமையிலும் குழுக் கூட்டத்திலும் இருந்த வருடங்களைக் கூட்டிப் பாருங்கள், ஊரையும் வேலையையும் கட்டிக்கொண்டு கிடந்தது யார் என்று தெரியும். கட்டினவர் பெயர் கேட்டால் ஒரு ஆண் பெயர் சொல்லி முடித்துவிடுகிறோம்.

1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லைக் கொண்டுவந்து இடையன்குடி கோயிலுக்குள்ளேயே பீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். 33 வருடம் கட்டின கோயிலில் அவர் இருந்து பார்த்தது 11 வருடம், அதிலும் கடைசிச் சில வருடம் ஜாகை தூத்துக்குடிக்கு மாறிவிட்டது.

தேரிமணல்

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பழைய எஸ்டிமேட்டைக் கிழித்துவிட்டேன். கமிட்டியில் பெரிய சத்தம். சிமெண்ட் என்றால் பத்து நாள், சுண்ணாம்பு என்றால் இரண்டு மாதமா, பண்டிகைக்கு ஐயரும் வெளியூர் ஆட்களும் வருவார்களே என்றார்கள். நான் ஒன்றும் விவாதம் பண்ணவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்ட இடம் வடக்குக் கதவுப் பக்கம் இருக்கிறது, அங்கே எல்லோரையும் கூட்டிப்போய் விரலால் தட்டினேன். ஒரு பலகை கையோடு வந்தது, பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு. தர்மகர்த்தா அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பால்ஸ் சீலிங் போச்சு, டைல்ஸும் போச்சு. பனங்கையில் மூன்று நுனி இற்றிருக்கிறது, மாற்ற வேண்டும். 76 வயதில் ஒரு கொத்தனார் தாத்தா கிடைத்திருக்கிறார், வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எங்க அப்பா கை மாதிரி இருக்கே என்றார். உண்மையோ பொய்யோ, சம்பளம் பேசும்போது அதற்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. பண்டிகை பாதிச் சுவரோடுதான்.

இப்போது ஒரே சிக்கல். கருப்பட்டி 10 கிலோ, கடுக்காய் 5 கிலோ என்று பில் வைத்தேன். பொருளாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, இதைக் கட்டடக் கணக்கில் எழுதினால் ஆடிட்டர் என்ன கேட்பார் தெரியுமா, அசனக் கணக்கில் எழுதிவிடட்டுமா என்கிறார். யாராவது இதற்கு முன்னால் எழுதியிருந்தால் எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

மணிக்கூண்டு

அசனக் கணக்கிலேயே எழுதிடுங்க, ஆனா கடுக்காயை மட்டும் தனியா காட்டுங்க, இல்லேன்னா அந்த வருஷம் அசனத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.